நகத்தோடு நகராத கறை: நகத்தில் வரும் புற்றுநோய்க்கு ஓர் எளிய அறிமுகம்

குறுவைக்கு வரப்பு கழிக்கும்போது மண்வெட்டி நழுவிக் கால் கட்டைவிரலில் பட்டால், நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். டெல்டாவில் இதைப் பார்க்காத வீடு கிடையாது. "நகம் செத்துப்போச்சு, புது நகம் முளைச்சுத் தள்ளிடும்" என்பார்கள். பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. நகப் புற்றுநோயைச் சந்தேகிப்பதற்கான முதல் சோதனையும் அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது: புது நகம் முளைத்து அந்தக் கறையைத் தள்ளுகிறதா, இல்லையா?

நகத்தில் புற்றுநோய் அரிது. பணிக்காலம் முழுக்க ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத மருத்துவர்கள் உண்டு. சிக்கலே அங்கேதான். அரிது என்பதால் அது முதலில் யாருக்கும் தோன்றுவதில்லை. நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகுவார்கள். சேற்றுப்புண் என்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவார்கள். மருந்துக்கடைக் களிம்பு இரண்டு ட்யூப் தீரும். யாராவது மரு என்று சுட்டுவிடுவார்கள், அல்லது நகத்தைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். இதற்குள் ஒன்றிரண்டு வருடம் ஓடியிருக்கும். நகத்துக்கும் எலும்புக்கும் நடுவே மற்ற இடத்துத் தோலுக்கு இருப்பதுபோல் கொழுப்பு மெத்தை கிடையாது. இருப்பது சில மில்லிமீட்டர் சதைதான். மேலே சிறிதாகத் தெரிகிற கட்டி, எலும்பைத் தொட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நகம் முளைக்கும் இடம்

நாம் வெட்டி எறிகிற நகம் உயிரில்லாத தகடு. அதைச் செய்யும் இடம் விரலின் தோலுக்குள், தகட்டின் அடிப்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் அதை நகவேர் என்று சொல்வோம். கட்டைவிரலில் வெள்ளைப் பிறையாகத் தெரிவது அந்த வேரின் முன்பகுதி. வேரின் பின்பாதி தகட்டின் மேற்பரப்பைச் செய்கிறது, முன்பாதி அடிப்பரப்பைச் செய்கிறது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும். பிறைக்கு முன்னால், தகடு ஒட்டிக்கொண்டு நகர்கிற சிவந்த தளம் நகப்படுகை. சுற்றிலும் நகமும் தோலும் சேருமிடம் நகக்கண்.

கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கால் நகம் அதில் பாதியோ அதற்கும் குறைவோ, 1 முதல் 1.5 மில்லிமீட்டர். கை நகம் முழுதாக மாற ஆறு மாதம் ஆகும். கால் கட்டைவிரல் நகத்துக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். விவசாயக் கணக்கில் சொன்னால், நூற்றுப்பத்து நாள் குறுவைப் பயிர் அறுவடைக்கு வருவதற்குள் கைவிரல் நகத்தின் கறை ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் போயிருக்கும். கால் கட்டைவிரலில் இருப்பது 4, 5 மில்லிமீட்டர்தான் போயிருக்கும், முழுதாகக் கழிய அடுத்த குறுவையும் தாண்டலாம்.

ரத்தக்கட்டு தகட்டோடு சேர்ந்து பயணம் செய்யும். சில வாரத்தில் கறைக்கும் நகக்கண்ணுக்கும் நடுவே பிறை வடிவில் சுத்தமான புது நகம் தெரியும். வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்துப் படம் எடுங்கள். கறையின் பின்விளிம்பு இருக்கும் இடத்தில், நகத்தின் மேல் அரத்தால் மெல்லிய கீறல் ஒன்று போடுங்கள், சதையைத் தொடக் கூடாது. கை விரலானால் ஒரு மாதம், கால் விரலானால் இரண்டு மாதம் கழித்து அதே வெளிச்சத்தில் மறுபடி படம் எடுங்கள். கீறலும் கறையும் சேர்ந்து நகர்ந்திருந்தால் அது தகட்டோடு போகும் ரத்தம். கீறல் முன்னால் போய், கறை நகக்கண்ணை விட்டு நகராமல் இருந்தால், அதை ஊற்றிக்கொண்டே இருக்கிற ஏதோ ஒன்று வேரில் இருக்கிறது என்று பொருள். தோல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ரத்தம்தான் என்று தெரிந்துவிட்டால் புற்று இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கட்டியும் ரத்தம் கசியும். அடியே படாமல் ஒரே நகத்தின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ரத்தம் கட்டினால் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

கறுப்புக் கோடு: எது சகஜம், எது சந்தேகம்

நகவேரில் நிறமி செல்கள் இருக்கின்றன. பொதுவாகத் தூங்கிக்கொண்டிருக்கும். விழித்துக்கொண்டால், வளர்கிற தகட்டுக்குள் நிறத்தைக் கலந்துவிடும். வேரிலிருந்து நுனி வரை பழுப்பாகவோ கறுப்பாகவோ ஒரு கோடு ஓடும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு வயது ஏற ஏற இப்படிப் பல நகங்களில் கோடு விழுவது சாதாரணம். நம் ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய பத்துப் பேரின் கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் யாராவது ஒருவரிடமாவது இருக்கும். நான்கைந்து நகத்தில் மெல்லிய, ஒரே நிறமுள்ள, பல வருடமாக மாறாத கோடுகள் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வைட்டமின் பி12 குறைவு, கர்ப்பம், ஹெச்.ஐ.வி.க்கான ஸிடோவுடின், ரத்த நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்ஸியூரியா, சில கீமோதெரபி மருந்துகள் ஆகியவற்றாலும் கோடு வரும். செருப்பு உரசுகிற சுண்டுவிரலிலும் வரும். சின்னக் குழந்தைகளுக்கு நகத்தில் வரும் கோடு, பார்க்க எவ்வளவு மோசமாக இருந்தாலும், பெரும்பாலும் மச்சம்தான். அவசரப்பட்டு வெட்டாமல் தோல் மருத்துவரின் கண்காணிப்பில் வைப்பார்கள்.

சந்தேகப்பட வேண்டியது வேறு மாதிரி. வயது வந்தவருக்கு, ஒரே ஒரு நகத்தில், புதிதாக வந்த கோடு. அதுவும் கைக் கட்டைவிரல், கால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்றால் கூடுதல் கவனம், ஏனென்றால் நக மெலனோமா, அதாவது நிறமி செல்களில் தொடங்கும் புற்று, அதிகம் வரும் இடங்கள் இவை. 50 முதல் 70 வயதுக்குள் அதிகம் வருகிறது. கோட்டின் அகலம் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ, ஓரம் மை ஊறினாற்போல் கலங்கி இருப்பது, ஒரே கோட்டுக்குள் பழுப்பு, கறுப்பு, சாம்பல் என்று நிறம் மாறி மாறி இருப்பது, நகம் அந்த இடத்தில் பிளப்பது, சில மாதத்தில் அகலம் கூடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் போய்க் காட்டுங்கள். குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

கோட்டின் வடிவத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கைவிரல் நகத்தின் நுனி ஆறு மாதத்துக்கு முன்னால் முளைத்தது. அடிப்பகுதி இன்று காலை முளைத்தது. கோடு நுனியில் ஒடுங்கியும் அடியில் அகன்றும் முக்கோணமாக இருந்தால், வேரில் இருக்கிற நிறமிக் கூட்டம் இந்த ஆறு மாதத்தில் பெருத்திருக்கிறது என்று நகமே எழுதிக் காட்டுகிறது. பழைய படம் எதுவும் தேவையில்லை. இரண்டு ஓரமும் இணையாக, தண்டவாளம் போல் ஓடினால் நிம்மதி அதிகம்.

இன்னொரு முக்கியமான அடையாளம், கறுப்பு நகத்தைத் தாண்டி நகக்கண்ணின் தோலிலோ விரல் நுனித் தோலிலோ கசிந்து பரவுவது. இதற்கு ஹட்சின்சன் அடையாளம் என்று பெயர். ஆங்கிலேய மருத்துவர் ஜோனத்தன் ஹட்சின்சன் 1886இல் இந்த நோயை விவரித்தபோது, 'கறுத்த நகச்சுத்தி' என்று பொருள்படும் பெயரைத்தான் வைத்தார். நோய்க்கும் நகச்சுத்திக்கும் உள்ள குழப்பம் அவ்வளவு பழையது. ஆனால் நகக்கண்ணின் தோல் மெல்லியதாக, கண்ணாடி போல இருப்பவர்களுக்கு அடியில் உள்ள கறுப்பே மேலே தெரிந்து ஏமாற்றும். தோலிலேயே நிறம் ஏறியிருக்கிறதா, அடியிலிருந்து தெரிகிறதா என்பதை டெர்மோஸ்கோப் என்கிற, சுமார் பத்து மடங்கு பெரிதாக்கும் வெளிச்சக் கண்ணாடியால் மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

பாடகர் பாப் மார்லியின் கால் கட்டைவிரல் நகத்தடியில் இருந்தது கால்பந்து ஆடும்போது பட்ட அடி என்றே முதலில் கருதப்பட்டது. மெலனோமா என்று 1977இல் தெரிந்தது. விரலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. 1981இல், 36 வயதில் இறந்தார். இந்த நோய்க்கு வெயில் காரணமில்லை. வெயிலில் வேலை செய்வதால் வந்தது என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம். அடிபட்டதால்தான் வந்தது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. அடிபட்ட பிறகுதான் அந்த நகத்தை நாம் உற்றுப் பார்க்கிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கறுப்பே இல்லாத மெலனோமாவும் உண்டு. நக மெலனோமாவில் கணிசமான பங்கு இந்த வகைதான். சிவந்த, கசிகிற, ஆறாத சதை வளர்ச்சியாக நகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்ப்பவர்கள் நகம் உள்ளே குத்திப் புண்ணாகி வளர்ந்த சதை என்று நினைத்துக் காரம் வைத்துச் சுடுவார்கள். மெலனோமா என்றால் கறுப்பாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு அதிகத் தீங்கு செய்வது இங்கேதான்.

ஆறாத நகச்சுத்தி, போகாத மரு

நகத்தில் வரும் புற்றுகளில் அதிகம் காணப்படுவது மெலனோமா இல்லை. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்கிற, தோலின் மேலடுக்கு செல்களில் வரும் புற்று. மேலடுக்கைத் தாண்டாத தொடக்க நிலைக்குப் போவன் நோய் என்று பெயர். பெரும்பாலும் கைவிரலில், அதிலும் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் வருகிறது. ஆண்களுக்கு அதிகம். மெல்ல வளரும், வருடக்கணக்கில் அப்படியே இருப்பதுபோல் தோன்றும், வேறு உறுப்புக்குப் பரவுவது குறைவு. ஆனால் எலும்பைத் தின்னும்.

எப்படித் தெரியும்? நகக்கண்ணின் ஓரத்தில் மரு மாதிரி சொரசொரப்பு, நகத்தடியில் தடித்த பொருக்கு, தகடு படுகையை விட்டுத் தூக்கிக்கொள்வது, ஓயாத கசிவு, சில சமயம் ஒரு கறுத்த கோடுகூட. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண நோயின் அடையாளங்கள். பிரித்துக் காட்டுவது ஒரே விரலில் மட்டும் இருப்பதும், மருந்துக்கு அடங்காமல் இருப்பதும்தான். நடவு நட்டுத் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறிய கைக்கு வருகிற நகக்கண் புண் பல விரலில் இருக்கும், கை காய்ந்திருக்கும் மாதங்களில் தணியும். காளான் தொற்றும் பல நகத்தில் பரவும்.

காரணங்களில் முக்கியமானது ஹெச்.பி.வி. வைரஸ், குறிப்பாக 16ஆம் வகை. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குகிற அதே வைரஸ்தான் இது. கதிர்வீச்சு, ஆர்செனிக், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் மருந்துகள் ஆகியவையும் பங்கு வகிக்கின்றன.

காலக்கெடு வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டோம். சீழ் கட்டிய நகச்சுத்தி, சீழை வெளியேற்றி ஆன்டிபயாடிக் கொடுத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆற வேண்டும். காளான் என்றால் நகத்துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு சொட்டில் போட்டு நுண்ணோக்கியில் பார்த்து உறுதி செய்த பிறகே டெர்பினாஃபின் மாத்திரை தர வேண்டும்: தினம் 250 மில்லிகிராம், கை நகத்துக்கு ஆறு வாரம், கால் நகத்துக்குப் பன்னிரண்டு வாரம். நகம் மெதுவாக வளர்வதால் பலன் தெரியச் சில மாதம் கூட ஆகும். ஆனால் அடியிலிருந்து நல்ல நகம் முளைப்பது தெரிய வேண்டும். மரு என்று இரண்டு முறை சுட்டும் அதே இடத்தில் திரும்ப வந்தால் மூன்றாம் முறை சுடக் கூடாது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

புற்று இல்லாத கட்டிகளும் நகத்தடியில் உண்டு. குளோமஸ் கட்டி கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம், ஆனால் பானைத் தண்ணீரில் கை வைத்தாலே உயிர் போகிற வலி. குண்டூசியின் தலையால் நகத்தை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஒரே ஒரு புள்ளியில் துடிப்பார்கள். அறுவை செய்தால் தீர்ந்துவிடும். கெரட்டோஅகாந்தோமா சில வாரத்திலேயே வேகமாக வளர்ந்து, வலியோடு எலும்பையும் அரிக்கும். வேறிடத்துப் புற்று விரலில் வந்து இறங்குவதும் உண்டு. மிக அரிது, ஆனாலும் சொல்லாமல் விடக் கூடாது: நுரையீரல் புற்று பரவி விரல் நுனி எலும்பில் இறங்கினால் அசல் நகச்சுத்தி மாதிரியே சிவந்து வீங்கும். நீண்ட நாள் பீடி பிடித்தவருக்கு ஆறாத நகச்சுத்தி என்றால், விரலோடு நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்

போகும் முன் சில வேலைகள். இரண்டு மாதத்துக்கு மருதாணியும் நெயில் பாலிஷும் வேண்டாம். மருதாணிச் சிவப்பு ஏறிய நகத்தில் பழுப்புக் கோட்டின் ஓரத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏற்கெனவே வைத்திருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் சொல்லிவிட்டால் போதும். மாதாமாதம் எடுத்த படங்கள், சாப்பிட்ட மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, தஞ்சாவூர், திருவாரூர் அல்லது நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மருத்துவர் இருபது நகத்தையும் பார்ப்பார், ஒன்றை மட்டும் பார்த்தால் ஒப்பிட முடியாது. டெர்மோஸ்கோப்பில் கோட்டுக்குள் ஓடும் இழைகள் ஒரே இடைவெளியில், ஒரே தடிப்பில், இணையாக இருக்கின்றனவா, குலைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார். எலும்பு அரித்திருக்கிறதா என்று விரலுக்கு எக்ஸ்ரே. கை விரலானால் முழங்கை உட்புறத்திலும் அக்குளிலும், கால் விரலானால் முழங்கால் பின்புறத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்.

முடிவு சொல்வது பயாப்சி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது. "கத்தி வைச்சா பரவிடும்" என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. முறையாகச் சதை எடுத்துப் பார்ப்பதால் நகப் புற்று பரவுவதில்லை. பரவுவது, பார்க்காமல் விடுகிற மாதங்களில்.

விரலின் அடியில் இருபுறமும் 1 முதல் 2 மில்லி லிக்னோகெய்ன் ஊசி போட்டு, பத்து நிமிடம் காத்திருந்து மரத்துப்போகச் செய்வார்கள். ஊசி போடும் அந்த அரை நிமிடம்தான் வலி. ரத்தம் மறைக்காமல் இருக்க விரலடியில் ரப்பர் பட்டை இறுக்குவார்கள், முடிந்ததும் அதைக் கழற்ற மறக்கவே கூடாது. நகக்கண்ணின் இரு மூலையிலும் சிறு கீறல் போட்டுத் தோலைப் பின்னால் மடித்து, தகட்டின் அடிப்பகுதியைக் கதவு திறப்பதுபோல் ஒரு பக்கமாகத் தூக்கினால் வேர் கண்ணுக்குத் தெரியும். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்துதான் சதை எடுக்க வேண்டும்.

வேரின் பின்பாதி மேற்பரப்பையும் முன்பாதி அடிப்பரப்பையும் செய்கிறது என்று முன்னால் சொன்னது இங்கே உதவுகிறது. நகத்தின் நுனியைக் கொஞ்சம் வெட்டி, திசுவைச் சோதிக்கும் பெத்தாலஜி பிரிவுக்கு அனுப்பினால், நிறம் தகட்டின் அடிப்பாதியில் இருக்கிறதா மேல்பாதியில் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்த்துச் சொல்வார்கள். அடிப்பாதி என்றால் நிறம் வேரின் முன்பகுதியிலிருந்து வருகிறது. அங்கே சதை எடுத்தால் பிறகு முளைக்கும் நகத்தின் மேற்பரப்பு கெடாது. மேல்பாதி என்றால் பின்பகுதி, எடுத்த பிறகு நகம் பிளவோடு முளைக்கலாம் என்று முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட முடியும்.

மெல்லிய கோட்டுக்கு 3 மில்லிமீட்டர் பஞ்ச் கருவியால் எலும்பு வரை ஒரு துண்டு போதும். அகன்ற கோட்டுக்கு, வேரின் மேலடுக்கை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்பில் படுக்கைவாட்டில் சீவி எடுப்பார்கள், நகத்துக்குச் சேதம் குறைவு. கோடு நகத்தின் ஓரத்தில் இருந்தால் அந்த ஓரப் பட்டையையே வேரிலிருந்து நுனி வரை எடுத்துவிடலாம். பிறகு தகட்டை இறக்கித் தைத்துவிடுவார்கள். முதல் இரண்டு நாள் கையையோ காலையோ தலையணை மேல் உயர்த்தி வைத்தால் விண்விண் என்ற தெறிப்பு பெருமளவு குறையும்.

தவறுகள் நடப்பதும் இந்தக் கட்டத்தில்தான். கறை முன்னால் தெரிகிறதே என்று வேரை விட்டுவிட்டு நகப்படுகையில் சதை எடுத்தால், பெத்தாலஜி அறிக்கை 'புற்று இல்லை' என்று வரும். நோயோ வேரில் உட்கார்ந்திருக்கும். மிகச் சிறிய துண்டு எடுத்தால் நோய் பக்கத்தில் தப்பிவிடும். சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவம் கைக்குக் கிடைக்கவில்லை என்று சலைன் பாட்டிலில் போட்டு அனுப்பினால் திசு கெட்டுவிடும். 10 சதவீத ஃபார்மலினில்தான், சதையின் அளவைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல், அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, பிடுங்கிய நகத்தையும் சுரண்டிய சதையையும் குப்பைக் கூடையில் போடுவது. எந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் நகத்தை எடுத்தாலும் "எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்புங்க டாக்டர்" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. தயங்காமல் கேளுங்கள்.

அறிக்கை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். மெலனோமாவா என்று சந்தேகமாக இருந்தால் சோக்ஸ் 10, மெலன் ஏ, ஹெச்.எம்.பி. 45 போன்ற சிறப்புச் சாயங்கள் ஏற்றுவார்கள், அதற்கு இன்னும் சில நாள். அறிக்கை நல்லபடியாக வந்தும் கோடு அகன்றுகொண்டே போனால் மறுபடி சதை எடுக்க வேண்டும். முதல் அறிக்கையைக் காட்டிச் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சிகிச்சை: எவ்வளவு எடுப்பது

மெலனோமாவில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஆழம். தோலின் மேலடுக்கிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்ற கணக்குக்குப் பிரெஸ்லோ தடிப்பு என்று பெயர். அறிக்கையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலடுக்கைத் தாண்டாத நோயானால் விரலைக் காப்பாற்றலாம். தகடு, வேர், படுகை, நகக்கண் எல்லாவற்றையும் சேர்த்து, சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் நல்ல தோலோடு, எலும்பை மூடிய சவ்வு வரை ஒரே துண்டாக எடுத்து, அந்த இடத்தில் உடம்பின் வேறு பகுதியிலிருந்து தோல் ஒட்டுவார்கள். அந்த விரலில் இனி நகம் முளைக்காது. ஆனால் விரல் இருக்கும், மடக்கலாம், பிடிக்கலாம். நாற்று நடுகிற கையைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றின் நுனியும் சேர்ந்துதான் நாற்றின் வேரைச் சேற்றில் அழுத்துகின்றன. நகப் புற்றுக்குப் பிடித்த விரல்களும் இவையே. நுனி போனால் பிழைப்பே போகும் என்பதால், நோய் மேலடுக்கில் இருக்கும்போதே பிடிப்பதற்கு இங்கே இரட்டை மதிப்பு.

ஆழமாக இறங்கியிருந்தால் பெரும்பாலும் விரலின் கடைசி மூட்டோடு எடுக்க வேண்டிவரும். முன்பெல்லாம் விரலையே அடியோடு எடுத்தார்கள். அப்படி மேலே போய் வெட்டுவதால் உயிர் கூடுதலாகக் காக்கப்படுவதில்லை என்று தெரிந்த பிறகு, எடுக்க வேண்டிய குறைந்த அளவை மட்டும் எடுக்கிறார்கள். மருத்துவர் விரலை அடியோடு எடுக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். இன்னொரு மையத்தில் கருத்துக் கேட்பதில் தப்பில்லை.

தடிப்பு 1 மில்லிமீட்டருக்கு மேல் போனால், அந்த விரலிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் நெறியைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதிப்பார்கள். 0.8 மில்லிமீட்டரிலிருந்தே அதை யோசிக்கலாம். உடம்பில் பரவிவிட்டால் பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற எதிர்ப்புச் சக்தி மருந்துகள் உண்டு. கை, கால் நுனிகளில் வரும் மெலனோமா, வெயில் பட்ட தோலில் வருவதைவிட இவற்றுக்குக் குறைவாகவே அடங்குகிறது. கட்டியின் மரபணுவில் பி.ராஃப் அல்லது கிட் மாற்றம் இருந்தால் அதற்கென்று மாத்திரைகள் உண்டு. சோதித்துப் பார்த்தே தருவார்கள்.

ஸ்குவாமஸ் புற்றுக்கு நிலைமை நல்லது. எலும்பைத் தொடாதவரை விரலை இழக்க வேண்டியதில்லை. மோஸ் அறுவை என்ற முறை இதற்கு மிகப் பொருத்தம்: மெல்லிய அடுக்காக எடுத்து, அப்போதே நுண்ணோக்கியில் விளிம்பு முழுதையும் பார்த்து, நோய் மிச்சமிருக்கும் மூலையில் மட்டும் அடுத்த அடுக்கை எடுப்பார்கள். இந்த வசதி எல்லா ஊரிலும் கிடையாது. இல்லாத இடத்தில் போதிய விளிம்போடு அகலமாக எடுத்து, விளிம்பு சுத்தம் என்று அறிக்கை வந்த பிறகு தோல் ஒட்டுவார்கள். எலும்புக்குள் போயிருந்தால் கடைசி மூட்டோடு எடுப்பதுதான் வழி. அறுவைக்கு உடம்பு தாங்காத முதியவர்களுக்குக் கதிர் சிகிச்சை தரலாம்.

சிறப்பு மையம் வேண்டும் என்றால் டெல்டாக்காரர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனை, 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவை இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் முதல் பயணத்திலேயே கொண்டுபோனால் அலைச்சல் மிச்சம்.

தோல் ஒட்டிய இடத்தில் கட்டுத்துணியை ஒரு வாரம் போல் பிரிக்க மாட்டார்கள். ஒட்டு பிடிக்கும் முன் அசைந்தாலோ நனைந்தாலோ கறுத்து உரிந்துவிடும். முழுதாக ஆறும்வரை வயல் சேற்றில் இறங்கவே கூடாது. நடவு நேரத்தில் நாள் குறித்தால் இதை மருத்துவரிடமும் வீட்டிலும் முன்பே பேசிவிடுங்கள். மெலனோமாவுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்து வருடம் வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். இடையில் மாதம் ஒருநாள் குளிக்கும்போது தழும்பின் ஓரத்தில் புதிதாகக் கறுப்பு உண்டா, அக்குளிலோ தொடை இடுக்கிலோ உருளை மாதிரி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று சோப்பு நுரையோடு தடவிப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் அது கரையாமல் இருந்தால், சீட்டில் எழுதிய தேதி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே பஸ் ஏறிவிடுங்கள்.